ஏரிக் கோடி முதல் தெருக் கால்வாய் வரை: ஸ்விம் மென்பொருளைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பயன்படுத்திப் பார்த்ததன் மதிப்பீடு

மழைநீர் வடிகால் திட்டம் தீட்டுவதற்கு எந்தக் கணினி மாதிரியைப் பயன்படுத்தலாம் என்று கேட்கும் பேரூராட்சி உறுப்பினர்களுக்கும், மனைப்பிரிவு அமைப்பவர்களுக்கும், படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கும் கட்டுமானப் பொறியாளர்களுக்கும் நான் முதலில் சொல்லும் பெயர் ஸ்விம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாக வெளியிடும் ‘ஸ்டார்ம் வாட்டர் மேனேஜ்மென்ட் மாடல்’ என்ற மென்பொருளைத்தான் துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக அப்படி அழைக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஊர்களுக்கு வடிகால் கணக்குப் போடும் வேலையில் இதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இது எங்கே கைகொடுக்கிறது, எங்கே நம்மை ஏமாற்றக்கூடும், ஏரிகள் வரிசையாக அமைந்த நம் பகுதிக்கு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை எழுத வேண்டும் என்ற எண்ணம் 2024 டிசம்பருக்குப் பிறகு வலுத்தது.

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்து உள்மாவட்டங்களை நோக்கி நகர்ந்தபோது, டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 503 மி.மீ. மழை பதிவானது. அரூரில் 33 செ.மீ. பெய்தது. அதே இரவில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பிப் பாய்ந்த வெள்ளம், பேருந்து நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் பள்ளத்துக்கு இழுத்துச் சென்ற காட்சியைத் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. வழக்கமாக ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் கொட்டினால் எந்த வடிகாலும் தாங்காது என்று பலர் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால், அந்த வாகனங்களை இழுத்துச் சென்ற நீரில் பெரும்பகுதி அந்தத் தெருவில் பெய்த மழையன்று. ஊருக்கு மேலே இருந்த ஏரியின் வழியாக வந்து சேர்ந்த நீர். வடிகால் திட்டங்கள் பெரும்பாலும் அந்த ஏரியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்பதுதான் என் கவலை.

இப்போது நடைமுறையில் இருக்கும் முறை எளிமையானது. ஒரு வார்டின் பரப்பளவை எடுத்து, மழையின் செறிவை ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மி.மீ. என்று வைத்து, மழையில் எவ்வளவு பங்கு வழிந்தோடும் என்பதைக் குறிக்கும் ஓட்டக் கெழு ஒன்றால் பெருக்கி 360ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் வரும் என்பது தெரிந்துவிடும். 10 ஹெக்டேர் வார்டு, மணிக்கு 60 மி.மீ. மழை, கெழு 0.7 என்று வைத்தால் விடை ஏறத்தாழ 1.17 கன மீட்டர். ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள கான்கிரீட் கால்வாயை 500க்கு 1 என்ற சரிவில் போட்டால் அதில் சுமார் 1.43 கன மீட்டர் போகும். கணக்கு சரியாக இருக்கிறது, மதிப்பீடு தயாராகிவிடுகிறது, பணியும் முடிந்துவிடுகிறது. ஆனால், அந்த வார்டுக்கு மேலே ஓர் ஏரி இருந்து, அதன் கோடி, அதாவது நிரம்பிய ஏரியின் உபரி நீர் வழிந்து வெளியேறும் இடம், 20 மீட்டர் நீளமுள்ளதாக இருந்து, அதன்மேல் 60 செ.மீ. உயரத்துக்கு நீர் போனால், கோடியில் இறங்கும் நீர் மட்டும் விநாடிக்கு 16 கன மீட்டரை நெருங்கும். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 560 கன அடி. வார்டுக்கென்று கட்டிய கால்வாயின் கொள்திறனைப்போல் பதினோரு மடங்கு நீர் அதே பள்ளத்தில் இறங்குகிறது. வார்டு எல்லைக்குள் போட்ட கணக்கில் ஒரு தவறும் இல்லாமலே வார்டு மூழ்கிப்போவது இப்படித்தான்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட நகர்ப்புற வெள்ள வழிகாட்டு நெறிகள், நீர்ப்பிடிப்புப் பகுதியை அடிப்படையாக வைத்தே வடிகாலைத் திட்டமிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. மத்திய அரசின் மழைநீர் வடிகால் கையேடும் 2019இல் வந்துவிட்டது. அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரக் கையில் ஒரு கருவி வேண்டும். ஸ்விம் அந்தக் கருவியாக இருக்க முடியும் என்பதே என் முடிவு.

இந்த மென்பொருளின் முதல் வடிவம் 1969க்கும் 1971க்கும் இடையே உருவானது. இப்போது நாம் பயன்படுத்தும் ஐந்தாம் தலைமுறை 2004இல் முழுவதுமாகத் திருப்பி எழுதப்பட்டது, 5.2 பதிப்பு 2022இல் வந்தது. விண்டோஸ் கணினி போதும், பெரிய நினைவகம் எதுவும் வேண்டாம், அலுவலகத்தில் தட்டச்சுக்கு வைத்திருக்கும் பழைய மடிக்கணினியில்கூட ஓடுகிறது. உரிமக் கட்டணம் இல்லை, பதிவு செய்யத் தேவையில்லை, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. பயனர் கையேடும், நீரியல், நீரோட்டம், நீரின் தரம் என்று மூன்று தொகுதிகளாக அமைந்த விளக்க நூல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது குறைதான் என்றாலும், ஒவ்வொரு சமன்பாடும் எங்கிருந்து வந்தது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் விளக்கத்தைப் பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள்களிலும் நான் அதிகம் பார்த்ததில்லை.

வேலை செய்யும் விதம் இதுதான். ஊரையும் அதற்கு மேலுள்ள நிலத்தையும் சிறு சிறு நீர்ப்பிடிப்புத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் பெய்யும் மழையில் எவ்வளவு நிலத்தில் இறங்குகிறது, எவ்வளவு குழிகளில் தங்குகிறது, மீதி எவ்வளவு நேரத்தில் வழிந்து அடுத்த கணுவுக்கு, அதாவது கால்வாய்கள் சந்திக்கும் புள்ளிக்கு, வருகிறது என்பதை மென்பொருள் கணக்கிடுகிறது. கணுக்களைக் கால்வாய், குழாய், சிறுபாலம், ஓடை ஆகியவற்றால் இணைத்துவிட்டால், நிமிடத்துக்கு நிமிடம் எந்த இடத்தில் எவ்வளவு நீர் ஓடுகிறது, எந்தக் கணுவில் மேலே பொங்குகிறது என்பது வண்ணப் படமாகத் தெரிகிறது. மாதிரியைத் தொடங்கும்போது அளவு முறையைக் கவனித்து மாற்ற வேண்டும். ஓட்டத்தின் அலகை விநாடிக்குக் கன மீட்டர் என்றோ லிட்டர் என்றோ தேர்ந்தெடுத்தால்தான் பரப்பு ஹெக்டேருக்கும் நீளம் மீட்டருக்கும் மாறும், இல்லாவிட்டால் எல்லாம் ஏக்கரிலும் அடியிலும் நிற்கும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம், ஒவ்வொரு துண்டுக்கும் கொடுக்க வேண்டிய ‘அகலம்’ என்ற அளவு. வரைபடத்தில் அளந்து எடுக்கக்கூடிய அகலம் அன்று இது. துண்டின் பரப்பை, நீர் நிலத்தின்மேல் வழிந்தோடும் மிக நீண்ட பாதையின் நீளத்தால் வகுத்துப் பெற வேண்டிய ஓர் அளவு. இதைக் கூட்டினால் வெள்ளம் வேகமாக வந்து சேருவதுபோலவும், குறைத்தால் மெதுவாக வருவதுபோலவும் விடை மாறும். ஆகவே, ஒருவருடைய மாதிரியைச் சரிபார்க்க நேர்ந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்த அகல எண்களைத்தான். எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே அகலம் எழுதியிருந்தால் அந்த மாதிரியை யாரும் அக்கறையோடு செய்யவில்லை என்று பொருள்.

கிருஷ்ணகிரி போன்ற ஊருக்கு இந்தத் துண்டு பிரிக்கும் முறை மிகவும் பொருந்துகிறது. ஊரை ஒட்டி நிற்கும் சையத் பாஷா மலை பெரும்பாலும் வெறும் பாறை. அதன் முகத்தில் விழும் மழை ஏறத்தாழ முழுவதும் சில நிமிடங்களில் அடிவாரத்துக்கு வந்துவிடுகிறது. அடிவாரத்துக் குடியிருப்புகளையும் அந்தப் பாறைச் சரிவையும் ஒரே துண்டாக வைத்து ஒரு சராசரிக் கெழுவைப் போட்டால், மழை தொடங்கியவுடன் வரும் அந்த முதல் வேக நீர் கணக்கில் காணாமல் போய்விடும். பாறையைத் தனித் துண்டாக்கி, அதில் நீர் இறங்காது என்று சொல்லி, அதன் நீரை அடிவாரத் துண்டின்மேல் பாயவிட்டால் உண்மைக்கு நெருக்கமான விடை கிடைக்கிறது. ஒரு துண்டின் வழிநீரை நேராகக் கால்வாயில் விடாமல் இன்னொரு துண்டின்மேல் விடும் இந்த வசதி ஸ்விம்மில் எளிதாக இருக்கிறது.

அடுத்தது ஏரி. ஏரியை மென்பொருளில் ஒரு சேமிப்புக் கணுவாக வைத்து, ஆழத்துக்கு ஏற்ப நீர்ப்பரப்பு எப்படி விரிகிறது என்ற அட்டவணையைக் கொடுக்க வேண்டும். கோடியை ஒரு தடுப்பணையாகவும், மதகை ஒரு துவாரமாகவும் சேர்க்கலாம். மேல் ஏரியின் கோடி கீழ் ஏரிக்கு வரத்தாகும்படி ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துக்கொண்டே போகலாம். நம் பகுதியில் ஏரிகள் தனித்தனியாக இல்லை. ஒன்று கோடி போனால் அடுத்ததுக்கு நீர், அதுவும் கோடி போனால் அதற்கடுத்ததுக்கு என்று ஓடைகளாலும் ராஜகால்வாய்களாலும் கட்டப்பட்ட வரிசை அது. மழைக்கு முன்பு மேல் ஏரிகள் பாதி காலியாக இருந்தால் ஊருக்குள் என்ன நடக்கும், எல்லாம் நிரம்பியிருக்கும் நிலையில் அதே மழை பெய்தால் என்ன நடக்கும் என்று தொடக்க நீர்மட்டத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கும்போதுதான், அக்டோபரில் பெய்யும் 10 செ.மீ.க்கும் டிசம்பரில் பெய்யும் 10 செ.மீ.க்கும் இருக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது.

கோடியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முன்பு சொன்ன அதே 20 மீட்டர் கோடியின் முன்னால் ஒரு பாதை போடுவதற்காக மண் கொட்டி, நீர் போகும் நீளத்தை 12 மீட்டராகக் குறுக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதே 16 கன மீட்டர் நீர் வெளியேற வேண்டுமானால், கோடியின்மேல் 60 செ.மீ.க்குப் பதிலாக 84 செ.மீ. உயரத்துக்கு நீர் நிற்க வேண்டும். கரையில் கூடுதலாக 24 செ.மீ. ஏறுகிறது. பழைய மண்கரையின் தாழ்ந்த இடங்களில் அந்த 24 செ.மீ. இடைவெளிகூட இருக்காது, நீர் கரைமேல் வழிந்து அரிக்கத் தொடங்கினால் உடைப்புதான். நேரில் போய்ப் பார்த்தால் “கொஞ்சம் மண்தான் கொட்டியிருக்கிறார்கள்” என்று தோன்றும் ஒரு மாற்றம் ஊருக்கு என்ன செய்யும் என்பதை, எண்ணாகவும் படமாகவும் ஊராட்சிக் கூட்டத்தில் வைத்துக் காட்ட முடிகிறது. கரையை உயர்த்த நிதி கேட்பதைவிடக் கோடியின் முன்னால் கிடக்கும் மண்ணை அகற்றுவது எவ்வளவு மலிவு என்பதையும் அதே படம் சொல்லிவிடுகிறது.

நகரமயமாக்கல்தான் எல்லா வெள்ளத்துக்கும் காரணம் என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நான் ஒரு சிறு கணக்கைக் காட்டுவது வழக்கம். அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை உருவாக்கிய வளைவு எண் முறைப்படி, நிலத்தின் தன்மையை 100க்குள் ஓர் எண்ணாகக் குறித்து, மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்று கணக்கிடலாம். ஸ்விம்மில் இதன் ஒரு வடிவம் இருக்கிறது. நம் பகுதியின் மேய்ச்சல் நிலமும் புஞ்சையும் கலந்த ஓரிடத்துக்கு 75 என்றும், அதே இடம் வீடுகளும் சாலைகளுமாக மாறிய பின் 90 என்றும் வைப்போம். 60 மி.மீ. மழை பெய்தால், முன்பு வழிந்தோடியது சுமார் 14 மி.மீ.; மாறிய பின் 36 மி.மீ. இரண்டரை மடங்கு. ஆனால் ஊத்தங்கரையில் பெய்த 503 மி.மீ.யை அதே சமன்பாட்டில் போட்டால், முன்பு 414 மி.மீ., மாறிய பின் 471 மி.மீ.; வேறுபாடு ஏழில் ஒரு பங்கு அளவுதான்.

இந்த நான்கு எண்களும் சேர்ந்து சொல்லும் செய்தி மிகவும் முக்கியமானது. ஆண்டுதோறும் வரும் 5, 6 செ.மீ. மழையில் தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்பதற்கு நாம் நிலத்தை மூடியதே பெரும் காரணம். அங்கே கூரைநீரைச் சேமிப்பதும், மண் தரையை விட்டுவைப்பதும், குட்டைகளைக் காப்பதும் நேரடியாகப் பயன் தரும். 50 செ.மீ. கொட்டும் நாளிலோ நிலம் எப்படியும் தெவிட்டிப்போய்விடுகிறது. அன்று ஊரைக் காப்பாற்றுவது நீர் போவதற்கு விட்டுவைத்த வழிதான்: கோடியின் நீளம், ஓடையின் அகலம், சிறுபாலத்தின் கண்கள், தாழ்ந்த இடத்தில் வீடு கட்டாமல் விட்ட நிலம். ஒரு நோக்கத்துக்கான தீர்வை இன்னொன்றுக்குக் காட்டிப் பணத்தைச் செலவிடுவதைத் தடுக்க வேண்டுமானால், ஒரே மாதிரியில் சிறு மழையையும் பெரு மழையையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தாக வேண்டும். ஸ்விம்மில் ஒரு முறை ஊரை வரைந்துவிட்டால் மழையை மட்டும் மாற்றி ஓட்டுவது சில நிமிட வேலை. இதற்காகவே இதைக் கற்றுக்கொள்ளலாம் என்பேன்.

மழைத்தோட்டம், நீர் ஊடுருவும் நடைபாதை, கூரைநீர்த் தொட்டி, புல் வாய்க்கால் போன்றவற்றை மாதிரியில் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. நம் ஊர்களில் சில அடி ஆழத்திலேயே பாறை தட்டும் இடங்கள் பல உண்டு என்பதால், ஊடுருவலை நம்பும் அமைப்புகளுக்கு அடிமண்ணின் உறிஞ்சு வேகத்தைக் குழி தோண்டி அளந்த பிறகே எண் கொடுக்க வேண்டும். அயல்நாட்டு அட்டவணையில் உள்ள எண்ணைக் கொடுத்தால் படம் அழகாக இருக்கும், தெரு மூழ்கிக்கொண்டிருக்கும்.

மென்பொருளின் குறைகளில் முதன்மையானது, கவனிக்காவிட்டால் முழு ஆய்வையும் பொய்யாக்கிவிடக்கூடியது. ஒரு கணுவில் கால்வாய் நிரம்பி நீர் மேலே பொங்கினால், இயல்பான அமைப்பில் அந்த நீர் மாதிரியை விட்டே வெளியேறிவிட்டதாகக் கணக்கு முடித்துவிடுகிறது. உண்மையில் அது தெருவில் ஓடி அடுத்த தெருவுக்குத்தான் போகும். கணுவின்மேல் நீர் தேங்கிப் பிறகு திரும்ப இறங்கும் என்று அமைப்பதற்கு ஒரு வசதி இருக்கிறது. அதைவிடச் சரியான வழி, கால்வாய்க்கு இணையாகத் தெருவையே ஓர் அகன்ற திறந்த வாய்க்காலாக வரைந்து இரண்டையும் இணைப்பது, 5.2 பதிப்பில் தெருவின் குறுக்குவெட்டையும் தெருவோர நீர்வாய்களையும் தனியே சேர்க்க முடிவது இதை எளிதாக்கியிருக்கிறது. இதைச் செய்யாத மாதிரியில் மேல் தெருவில் பொங்கிய நீர் மறைந்துபோய், கீழ்த் தெருவில் ஆபத்தே இல்லை என்று விடை வரும். கீழ்த் தெருவில்தான் பெரும்பாலும் எளிய மக்கள் இருக்கிறார்கள் என்பதால் இந்தப் பிழையை நான் சிறியதாக எண்ணுவதில்லை.

நீரோட்டத்தைக் கணக்கிட மூன்று முறைகள் உள்ளன; எளிய இரண்டு முறைகளில் எதிர்த்தேக்கம் தெரியாது. கால்வாய் போய்ச் சேரும் ஏரியோ ஆறோ நிரம்பி நின்றால், நீர் கால்வாய்க்குள் பின்வாங்கி ஏறுவதை ‘டைனமிக் வேவ்’ எனப்படும் இயங்கலை முறை ஒன்றுதான் காட்டும். கால்வாயின் முடிவில் கீழ் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டத்தை நிலையான நீர்மட்டமாகக் கொடுத்து, கணக்கிடும் கால இடைவெளியைச் சில விநாடிகளாகக் குறைத்து ஓட்டினால், திறந்தவெளியில் விழுவதாக வைத்துப் பார்த்தபோது சரியாகத் தெரிந்த கால்வாய் பின்னோக்கி நிரம்புவதைக் காணலாம். ஓட்டி முடித்ததும் வரும் அறிக்கையில், உள்ளே வந்த நீருக்கும் வெளியே போன நீருக்கும் உள்ள கணக்கு வேறுபாடு விழுக்காடாக இருக்கும். அது பத்தைத் தாண்டினால் கையேடே அந்த விடையை ஐயத்தோடு பார்க்கச் சொல்கிறது.

எந்த மாதிரியும் தரவின் தரத்தைத் தாண்டாது. இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் செயற்கைக்கோளின் நில உயர மாதிரி 30 மீட்டர் கட்டங்களால் ஆனது. அதன் உயரப் பிழை மீட்டர் கணக்கில் வரக்கூடும். நீர்ப்பிடிப்பின் வெளி எல்லையை வரைவதற்கும், எந்த ஓடை எந்த ஏரிக்குப் போகிறது என்பதைக் கண்டறிவதற்கும் அதைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வைத்துப் பயன்படுத்தலாம், தாராளமாக. ஆனால் 100 மீட்டருக்கு 20 செ.மீ. இறங்கும் தெருக் கால்வாயின் சரிவை அதிலிருந்து எடுப்பது பெருந்தவறு. சில மீட்டர் உயரமே உள்ள ஏரிக்கரை அந்த உயர மாதிரியில் தெரியாமலேகூடப் போகலாம். அப்போது மென்பொருள் நீரைக் கரையின் ஊடாகவே பாயவிடும். மட்டக் கருவியை எடுத்துக்கொண்டு கோடியின் மட்டம், கரையின் தாழ்ந்த இடம், ஒவ்வொரு சிறுபாலத்தின் அடிமட்டம், கால்வாய் திரும்பும் ஒவ்வொரு முனை ஆகியவற்றை அளந்தே தீர வேண்டும். பழைய ஓடை எங்கே போனது என்பதற்குக் கிராம வரைபடமும் புலப்படமும் அ-பதிவேட்டில் உள்ள ஓடைப் புறம்போக்குப் பதிவும் செயற்கைக்கோள் படத்தைவிட நம்பகமான சான்றுகள். கட்டடங்கள் மூடிவிட்ட இடத்திலும் நிலத்தின் தாழ்வு மாறுவதில்லை, நீர் அந்த வழியைத்தான் தேடி வருகிறது.

கால்வாயைப் புதிதாகக் கட்டிய நிலையிலேயே மாதிரியில் வைப்பதும் வழக்கமாக நடக்கும் தவறு. தொடக்கத்தில் சொன்ன ஒரு மீட்டர் கால்வாயில் 40 செ.மீ. மண் படிந்து, நெகிழிப் பைகளும் செடிகளும் சேர்ந்து அடிப்பகுதி சொரசொரப்பானால், 1.43 கன மீட்டர் போக வேண்டிய இடத்தில் 0.45 கன மீட்டர்தான் போகும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தூர்வாரிய நிலையில் ஒரு முறையும், தூர்வாராத நிலையில் ஒரு முறையும் ஓட்டி இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால், புதிய கால்வாய்க்கு நிதி கேட்பதா, இருப்பதைப் பருவமழைக்கு முன் சுத்தம் செய்வதா என்ற விவாதம் விரைவில் முடிவுக்கு வருகிறது.

மழைத் தரவு இன்னொரு தடை. காலை 8.30 மணிக்கு எடுக்கும் ஒரு நாள் கூட்டுத்தொகை, அந்த மழை ஆறு மணி நேரத்தில் கொட்டியதா, இருபது மணி நேரம் சீராகப் பெய்ததா என்பதைச் சொல்வதில்லை. வடிகாலுக்கு அதுதான் உயிர்நாடியான செய்தி. நகரங்களில் நான்கு சதுர கிலோமீட்டருக்கு ஒரு தானியங்கி மழைமானி வேண்டும் என்று 2010 நெறிகள் பரிந்துரைத்தன. நம் பகுதியின் சிற்றூர்களில் ஒரு முழு வட்டத்துக்கும் சேர்த்து ஓரிரு மழைமானிகளை நம்பி வேலை செய்யும் நிலைதான் இருக்கிறது.

ஓடைகளில் நீரோட்டத்தை அளக்கும் கருவி கிடையாது என்பதால், மாதிரி சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க வெள்ளத் தடங்களையே தேட வேண்டியிருக்கிறது. டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஏரிக்குக் கீழே இருந்த ஒரு தெருவில், வீட்டுச் சுவர்களில் பழுப்பாகப் படிந்திருந்த நீர்க்கோட்டை வாசற்படியிலிருந்து நாடாவால் அளந்து, பிறகு அந்த வாசற்படிக்கு மட்டம் எடுத்து, தெரு நெடுகக் குறித்துக்கொண்டேன். வெள்ளையடித்த சுவரில் அந்தக் கோடு கூர்மையாக இருக்கிறது, செங்கற்சுவரில் மங்கிப்போய்விடுகிறது. ஒரு மூதாட்டி, “தண்ணி முதல்ல பின்பக்கமாத்தான் வந்துச்சு சாமி, அப்புறந்தான் தெருவுல வந்துச்சு” என்றார். மாதிரியில் நான் வரைந்திருந்த ஓடையின் திசையோடு அது ஒத்துப்போனது. அந்தத் தெருப் பிள்ளைகள் கைப்பேசியில் எடுத்திருந்த காணொளிகளில் இருந்த நேரக் குறிப்பு, கோடி எப்போது உச்சத்தில் போனது என்பதைக் கண்டறிய உதவியது. இந்தச் சான்றுகளை வெள்ளம் வடிந்த சில நாட்களுக்குள் எடுக்காவிட்டால் பொங்கலுக்கு அடிக்கும் சுண்ணாம்பில் எல்லாம் மறைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு பேரூராட்சியும் இதை ஒரு நிலையான பணியாகவே செய்ய வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊரின் அளவைத் தாண்டினால் ஸ்விம் போதாது. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பெங்களூருவின் கிழக்குப் பகுதி நீரையும் சேர்த்துக்கொண்டு, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை என்று இறங்கி வருகிறது. பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழிநீரும் இந்த ஆற்றுக்குத்தான் வந்து சேர்கிறது. அந்த அளவுள்ள வடிநிலத்துக்கு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் மையம் வெளியிடும் ஹெக்-எச்எம்எஸ் ஏற்றது. அதுவும் இலவசம், அணைகளையும் பல நாள் மழையையும் கையாள்வதில் எளிமையானது. ஆற்றங்கரையில் நீர் எவ்வளவு தூரம் பரவும் என்பதைப் படமாகக் காட்ட அதே மையத்தின் ஹெக்-ராஸ் இருக்கிறது. 2016இல் வந்த 5.0 பதிப்பு முதல் அது நீர் நாலாபக்கமும் பரவுவதையும் கணக்கிடுகிறது. ஸ்விம்மோ கோடுகளின் வழியாக ஓடும் நீரை மட்டுமே அறியும்; வயலிலும் மனைகளிலும் பரந்து நிற்கும் வெள்ளத்தை வரைந்து காட்டாது. நான் செய்வது, மேலேயுள்ள பெரிய ஓடையின் வெள்ளத்தை ஹெக்-எச்எம்எஸ்ஸில் கணக்கிட்டு, அந்த நேரத் தொடரை ஸ்விம்மில் ஊரின் நுழைவாயிலில் கொடுத்து, தெருக்களை ஸ்விம்மில் பார்ப்பது. ஊத்தங்கரை அளவுள்ள ஊருக்கு இந்த இணைப்பு போதுமானது. ஓசூர் மாநகராட்சி அளவுக்குப் போனால் பரப்பு வெள்ளம் காட்டும் மென்பொருளும், துல்லியமான நில அளவையும், அவற்றுக்கான செலவும் தவிர்க்க முடியாதவை.

கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையில் கற்றுக்கொள்ளும் அளவுக்கு ஸ்விம்மின் இயக்கம் எளிது. நல்ல மாதிரி செய்வதற்கு ஒரு மழைக்காலமாவது ஊரில் நடந்து பார்த்திருக்க வேண்டும். படம் வரையும் திரை பழைய பாணியில் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியில் வைப்பதும், கியூஜிஐஎஸ்ஸிலிருந்து துண்டுகளைக் கொண்டுவருவதும் சிரமம் தருகின்றன. பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் இந்த இடத்தில் வசதியானவை. கணக்கிடும் உட்பகுதி அவற்றில் பலவற்றில் ஸ்விம்முடையதே என்பதால் விடையில் பெரிய வேறுபாடு இருக்காது.

இதைத் தாமே செய்ய இயலாத பேரூராட்சிகள் ஆலோசனை நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. அப்படித் தயாரான ஓர் அறிக்கையைச் சரிபார்க்க எனக்கு வாய்த்தது. வண்ணப் படங்களும் வழவழப்பான தாளும் இருந்தன. ஊருக்கு மேலிருந்த இரண்டு ஏரிகள் மாதிரியில் இல்லை, பொங்கிய நீர் வெளியேறிவிட்டதாகவே விடப்பட்டிருந்தது, கோடியின் மட்டத்தை யாரும் அளந்திருக்கவில்லை. அறிக்கையை மட்டும் படித்திருந்தால் இவற்றில் எதுவும் தெரிந்திருக்காது. மாதிரியின் உள்ளீட்டுக் கோப்பு கைக்கு வந்ததால்தான் தெரிந்தது. ஸ்விம்மின் உள்ளீட்டுக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே ஒவ்வொரு துண்டின் பரப்பு, அகலம், ஒவ்வொரு கால்வாயின் சரிவு, சொரசொரப்பு என எல்லாம் வரிவரியாகத் தெரியும். ஆகவே ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே, அறிக்கையோடு உள்ளீட்டுக் கோப்பையும், பயன்படுத்திய மழைத் தொடரையும், அளவை எடுத்த மட்டங்களின் பட்டியலையும் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேருங்கள். அடுத்த ஆண்டு ஒரு புதிய மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு யாராவது வரும்போது, அதே கோப்பில் அந்த நிலத்தை மூடியதாக மாற்றி ஓட்டி, கீழேயுள்ள தெருவில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தபின் கையெழுத்துப் போடலாம்.